தாமோதரன் சாப்பிட்டுவிட்டு வருகிறான்

மாம்பலம் வினோத ரஞ்சனி சபாவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நாடகம் பார்க்க வருகிறவர்கள் யாரும் நேராகப் போய் நாடகத்தில் உட்கார்ந்துவிட மாட்டார்கள். ஏழு மணி நாடகத்துக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து, அரங்கத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கேன்டீனில் இடம் பிடித்து, சாம்பமூர்த்தியின் அடையும் அவியலும் வாழைப்பூ வடையும் மேலே ஒரு காபியும் உள்ளே போன பிறகுதான் கலை, ரசனை, கைதட்டல் எல்லாம். காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்து சிரிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அந்தக் கேன்டீனில் இருப்பது நாற்பது நாற்காலி, வருவதோ இருநூறு பேர், அதனால் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் அவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், இலையில் இன்னும் எத்தனை விள்ளல் பாக்கி என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார், காபி வந்தும் எழுந்திருக்கவில்லை என்றால் லேசாக இருமுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பட்டணத்தில் வெளியே போய்ச் சாப்பிடுவதென்றால் அப்படித்தான்.

சுபத்ராவுக்கு அப்படி யாராவது பின்னால் நிற்பது பிடிக்கும். ஐம்பத்தொன்பது வயசு, டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் போர்டில் ஆரம்பித்து முப்பத்தாறு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ள அம்மாக்களையும் பிள்ளைகளையும், புருஷன்களையும் பெண்டாட்டிகளையும் இணைத்துவிட்டு, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டே வந்த பெண்பிள்ளை. கல்யாணம் தள்ளிப் போய், இன்னும் தள்ளிப் போய், கடைசியில் அதைப் பற்றி விசாரிக்கவே வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. இப்போது அசோக் நகரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரே ஆளுக்கு எத்தனை கைப்பிடி பருப்பு போட்டாலும் மூன்று நாளைக்கு வருகிற சாம்பார். "தனியா இருந்து பழகிடுச்சுடி" என்று பழைய ஆபீஸ் சிநேகிதிகளிடம் சொல்லுவாள். சுத்தப் பொய். தனியாகச் சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை, ஒரு நாளும் பழகவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கேன்டீன் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைக் கேட்கும்போது, நாற்காலிக்காகத்தான் என்றாலும் தனக்காக ஒரு ஜீவன் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடையை ரொம்பச் சின்னச் சின்ன விள்ளலாகப் பிய்த்துச் சாப்பிடுவாள்.

சாப்பிட்டு முடித்துப் போய் அவள் பார்க்கும் நாடகத்தின் பெயர் 'வந்துக்கிட்டே இருக்கான்'. கஜபதி குழு அதை இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தது. கஜபதிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, நாடகத்தில் அப்பா வேஷம், வசனமும் அவரே. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாக்பூரில் பெரிய வேலையில் இருக்கும் மூத்த பிள்ளை தாமோதரன் வந்தால்தான் தங்கையின் கல்யாணப் பேச்சு, அவன் வந்தால்தான் மாடிக் குடித்தனக்காரர் சண்டைக்கு ஒரு தீர்ப்பு, அவன் வந்தால்தான் எல்லாமே, அவனோ இதோ கிளம்பிட்டேன், இதோ ரயில் ஏறிட்டேன், இதோ இறங்கிட்டேன் என்று இரண்டு மணி நேரத்தையும் போனிலேயே ஓட்டுவான், ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து எடுத்து, "தாமு, சாப்பிட்டியாப்பா? வழியில எங்கயாவது ஒரு வாய் சாப்பிட்டுட்டே வா" என்பாள், சபையே குலுங்கும், திரை விழும். முதலில் எழுதியபோது கடைசிக் காட்சியில் தாமோதரன் வந்துவிடுவதாகத்தான் இருந்தது. அந்த வேஷம் போட இருந்த பேங்க் பையனை அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள். ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம். கஜபதி அலட்டிக்கொள்ளவில்லை, ஒயர் அறுந்த ஒரு பழைய டெலிபோனை மேஜைமேல் வைத்து, தாமோதரனை அதற்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்.

அறுநூற்றுப் பதினாலாவது தடவையாக நாடகம் நடக்க இருந்த சனிக்கிழமை, சுபத்ரா அடையில் பாதியைத் தாண்டியிருந்தபோது, பின்னால் வந்து நின்ற ஆள் நாற்காலியைப் பிடிக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, இருமவும் இல்லை. அவளுக்கே ஒரு மாதிரியாகி அவசரமாக எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருங்கக்கா, மெதுவா சாப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

திரும்பிப் பார்த்தாள். முப்பது வயசு, மோவாயில் ஒரு மச்சம், சித்திரை மாச வெயிலில் ஊரே வேர்த்து ஊற்றும்போது கழுத்து வரைக்கும் ஏறின பச்சை ஸ்வெட்டர், ஒரு கையில் பெட்டி, இடது கையில் ஆரஞ்சுப் பழங்கள் நிறைந்த பை. 'பச்சை ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டான், குளிக்கும்போதாவது கழட்டுவானோ என்னமோ' என்று மேடையில் அப்பா சொல்லும்போது அறுநூறு தடவை சிரித்திருக்கிற சபை அது; மச்சமும் பெட்டியும் ஆரஞ்சும்கூட வசனத்தில் வருகிறவைதான். எதிர் நாற்காலிக்காரர் கை கழுவப் போனதும் அவன் அங்கே உட்கார்ந்தான், சாம்பமூர்த்தி ஓர் இலையைப் போட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தாமோதரன்தானே?"

"ஆமா."

"வந்துட்டியா. சரி, அடையா, தோசையா?" என்று கேட்டார் சாம்பமூர்த்தி. வேறென்ன கேட்பது? கேன்டீன் நடத்துகிறவருக்கு வந்தவர்கள் எல்லாரும் வந்தவர்கள்தான்.

வழியில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அம்மா போனில் சொன்னாள், அதனால் வந்தேன் என்றான். அறுநூற்றுச் சொச்சம் தடவை சொல்லியிருக்கிறாள் அல்லவா, ஆறு அடை சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே சுபத்ராவோடு பேசினான். என்ன வேலை என்று கேட்டாள், பெரிய வேலை என்றான். எங்கே என்று கேட்டாள், நாக்பூரில் என்றான். எந்த ஆபீஸ் என்று கேட்டபோது முழித்தான்; மேடையில் அதற்குமேல் யாரும் அவனைப் பற்றிச் சொன்னதில்லை, சொல்லாதது அவனுக்கு எப்படித் தெரியும்?

"உங்களைப் பத்தி என்னக்கா சொல்லுவாங்க?" என்று கேட்டான்.

"என்னைப் பத்தியா? யார் சொல்லப் போறாங்க?" என்றாள் சுபத்ரா. சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவன் கேட்டான், "பதினாலாம் நம்பர், கோகுலம் தெரு. எப்படிப் போகணும்?" அது நாடகத்தில் வரும் வீட்டின் விலாசம்.

இனிமேல்தான் ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். தாமோதரன் வந்துவிட்டான் என்ற செய்தி கேன்டீனிலிருந்து கிளம்பி, முன்வரிசை, பின்வரிசை, பால்கனி எல்லாம் சுற்றி, மேடையின் பக்கவாட்டில் வேஷத்தோடு நின்ற கஜபதியின் காதை எட்டியது. அவர் ஒட்டு மீசையோடு ஓடி வந்து அவனைப் பார்த்தார், கண் கலங்கினார், மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சாம்பமூர்த்தியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ், இவன் உள்ள வந்தா நாடகம் முடிஞ்சுதுய்யா. முதல் சீன்லயே முடிஞ்சுது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் என்ன பஜனையா பண்றது? இந்த சீசன் முடியற வரைக்கும் இங்கயே வெச்சு சாப்பாடு போடுய்யா. லீலாவதியம்மா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. போச்சுன்னா அந்தம்மா கையோட கூட்டிட்டுப் போயிடும்."

லீலாவதியம்மாதான் அம்மா வேஷக்காரி, அறுபத்தேழு வயசு, பக்கத்துச் சந்து வழியாக மேக்கப் அறைக்கு வந்து அதே சந்து வழியாக ஆட்டோ ஏறிப் போகிறவள், கேன்டீன் பக்கமே வந்ததில்லை. அதனால் மறைப்பது சுலபமாக இருந்தது. வழி கேட்டவனை ஏமாற்றுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. யாரும் ஏமாற்றினோம் என்றுகூட நினைக்கவில்லை. கோகுலம் தெருவா, அது கிடக்கட்டும், முதல்ல சாப்பிடுங்க என்றார்கள்; இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போவீங்களா என்றார்கள்; இன்னொரு வடை வைங்கப்பா என்றார்கள்; இந்த ஊரில் ஒருத்தனைப் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் கையைக் காலைக் கட்ட வேண்டியதில்லை, உபசாரம் பண்ணினால் போதும். ஏழடித்ததும் எல்லாரும் அவனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய், அவன் இன்னும் வரவில்லையே என்று மேடையில் குடும்பம் தவிப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாடகம் முடிந்து வெளியே வரும்போது அவன் இருக்க மாட்டான். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு அதே பெட்டியோடு வந்து நிற்பான், நடுவில் ஆறு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டால், "வந்துக்கிட்டே இருந்தேன்" என்பான்.

ஊரும் பழகிவிட்டது. இரண்டாம் வரிசை மாமிகள் அவனை நிற்க வைத்து, பெற்றவளை இப்படியா அலைக்கழிப்பாய் என்று திட்டிவிட்டு, திட்டின வாயோடு அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர் தன் பெண்ணின் ஜாதகத்தைக் கொண்டு வந்து, மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார், "அது இன்னும் சொல்லலையே சார்" என்று அவன் வருத்தப்பட்டதும், கஜபதியைப் பார்த்து வசனத்தில் ஒரு நட்சத்திரம் சேர்க்கச் சொல்லி நடையாய் நடந்தார். அவனுக்கு டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று சபா கமிட்டி கூடி, மேடையில் இல்லாததால் நடிகர் இல்லை, நாடகத்தில் இருப்பதால் பார்வையாளரும் இல்லை, ஆகவே விருந்தாளி என்று தீர்மானம் போட்டது. ஒருநாள் கஜபதி கைதட்டலில் மிதந்து, எழுதாத வசனமாக, "பய பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருப்பான்" என்று சொல்லிவைக்க, அடுத்த வாரம் அவன் இரண்டு கன்னமும் பப்பாளிப் பழமாக வீங்கி வந்து, கஞ்சி மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கஜபதியை மாமிகள் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். கேன்டீன் பலகையில் 'தாமோதரன் ஸ்பெஷல் அடை' என்று எழுதினார் சாம்பமூர்த்தி. தி. நகரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், அவனோடு சாப்பிட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருப்பதைப் பார்க்க அரங்கம் நிரம்பி வழிந்தது.

ஆனால் அவன் உட்கார்ந்தது என்னவோ ஒவ்வொரு வாரமும் சுபத்ராவுக்கு எதிரில்தான். மற்றவர்கள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசிவிட்டு, தங்கள் பெண்டு பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள். இவள் மட்டும்தான் தனியாள். அவள் அவனுக்கு வடையைப் பிட்டு வைப்பாள், அவன் அவளுக்கு ஆரஞ்சு உரித்து, சுளையில் நார் எடுத்துக் கொடுப்பான். திங்கட்கிழமையே அவள் சனிக்கிழமைக்குப் புடவை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். புதன்கிழமை சாம்பாரைக் கிளறிக்கொண்டே, இதை அவனிடம் சொல்ல வேண்டும், அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். எதிரில் ஒரு இலை. அதில் ஒரு கை. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு மனுஷி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று கேட்பவர்கள் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

எழுந்திருக்கும்போது அவன் அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. வீடு எங்கே?"

அவளுக்குத் தெரியாதா என்ன? கேன்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடம், அதைத் தாண்டி ஒரு மரக்கதவு, கதவைத் தள்ளினால் ஏழெட்டு எட்டில் மேடையின் ஓரம், அங்கே பதினாலு என்று பெயிண்டில் எழுதின தூண். இருபது எட்டு வைத்தால் வீடு. ஆனால் நாடகம் முடிந்ததும் கஜபதி மீசையைப் பிய்த்துவிட்டுப் பெண்டாட்டியோடு ஸ்கூட்டரில் போகலாம், தங்கை வேஷக்காரி குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கப் போகலாம், அவர்களுக்கு வேறு பெயர், வேறு வீடு எல்லாம் இருக்கிறது. தாமோதரனுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது, உள்ளே போனால் போனதுதான், திரைக்கு இந்தப் பக்கம் அவன் வரப்போவதில்லை. அது தெரிந்துதான் அவள் சொன்னாள், "இந்தப் பக்கம் கோகுலம் தெருவே இல்ல தம்பி. விசாரிச்சு வெக்கறேன். நீ இன்னொரு காபி சாப்பிட்டுட்டுப் போ." ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, பத்து வாரம் சொன்னாள்.

பதினோராவது சனிக்கிழமை அவள் சபாவுக்குள் நுழையும்போதே திரை இழுக்கிற மாசிலாமணி வந்து, லீலாவதியம்மா கூப்பிடுவதாகச் சொன்னான். விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே சுபத்ரா போனாள். மேக்கப் அறையில் லீலாவதியம்மா பாதி நெற்றிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த டெலிபோன்.

"நீங்க டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்கதானே? கஜபதி சார் சொல்லியிருக்கார். இதைக் கொஞ்சம் பாருங்களேன், ரிப்பேர் ஆயிடுச்சு."

அறுந்த ஒயர் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் சுபத்ரா.

"இருபத்திரண்டு வருஷமா பதில் வந்துட்டிருந்துதும்மா. சாப்பிட்டியாப்பான்னு கேட்டா, சாப்பிட்டேம்மா, நீ சாப்பிட்டியான்னு கேப்பான். சபை சிரிக்கிற சத்தத்துல வேற யாருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும். இப்ப பத்து வாரமா லைன்ல ஆளே இல்ல. கேட்டுட்டு அப்படியே நிக்கறேன், எவ்வளவு நேரம் நிக்கணும்னு தெரியல, அடுத்த வசனம் மறந்து போகுது. போன வாரம் கஜபதி சார் திட்டிட்டார்."

சுபத்ரா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் கேட்ட காது அது. பேசாமல் இருக்கிற ஆளின் மௌனமும் ஆளே இல்லாத மௌனமும் வேறு வேறு என்று அதற்குத் தெரியும். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"எனக்கு வீட்டுக்கு ஒரு போனும் வராதும்மா," என்றாள் லீலாவதியம்மா. "யார் இருக்கா பண்றதுக்கு? சனிக்கிழமை சனிக்கிழமை இது ஒண்ணுதான். நீ சாப்பிட்டியான்னு கேக்கறது அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா? உங்களுக்கு இந்த லைன் விஷயமெல்லாம் தெரியுமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

சுபத்ராவுக்கு வெட்கத்தில் முகம் பற்றி எரிந்தது. கோபமும் வந்தது, இருபத்திரண்டு வருஷம் நீ அவனோடு பேசினாயே, எனக்குக் கிடைத்தது பத்தே பத்து சனிக்கிழமை, அதையும் கேட்க வந்துவிட்டாயா என்று அந்தக் கிழவியின் மேல் கோபம். ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். "பாக்கறேன்" என்றாள். வெளியே வந்தாள். சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கேன்டீனில் அவன் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தான். இரண்டு இலை. அன்றைக்கு அவள் அவனையே பார்த்துக்கொண்டு, ஒரு விள்ளலை ஒன்பதாகப் பிய்த்துச் சாப்பிட்டாள், அடை ஆறிப்போய் அட்டையாகிவிட்டது, காபியில் ஆடை படிந்துவிட்டது, பின்னால் நின்றவர் இருமி இருமி வேறு நாற்காலிக்குப் போய்விட்டார், ஏழு மணிக்கு எல்லாரும் எழுந்து உள்ளே போனார்கள், சாம்பமூர்த்தி மேஜைகளைத் துடைக்க ஆரம்பித்தார். இவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, வீடு எங்கே?" என்று கேட்டான் தாமோதரன்.

"வா," என்றாள் சுபத்ரா.

சாம்பமூர்த்தி துணியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "சுபத்ராம்மா, வேண்டாம்மா. கஜபதி என்னைக் கொன்னுடுவான். சீசன் முடியட்டும்."

"நீங்க சும்மா இருங்க. அந்தம்மாவுக்கு அறுபத்தேழு வயசு ஆகுது."

பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் கால் வழுக்காமல் சரியான கல் பார்த்து வைத்து முன்னால் போனதை அவள் அப்போது கவனிக்கவில்லை. மரக்கதவைத் தள்ளினாள். உள்ளே விளக்கு வெளிச்சம், பவுடர் வாசனை, சபையின் சிரிப்பு. தூணுக்கு இந்தப் பக்கம் மாசிலாமணி திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவர்களைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டான். மேடையில் முதல் போன் மணி அடித்து ஓய்ந்திருந்தது. லீலாவதியம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "தாமு, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சபை சிரித்து முடித்து, இரண்டாம் முறை சிரிக்கலாமா என்று யோசித்து, அடங்கிப் போயிற்று. கஜபதி தொண்டையைக் கனைத்து எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை.

சுபத்ரா அவன் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

"சாப்பிட்டேம்மா," என்றான் தாமோதரன், உள்ளே போய், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. "நீ சாப்பிட்டியா?"

நானூறு பேர் இருந்த அரங்கத்தில் ஒரு விசிறிகூட ஆடவில்லை. கஜபதி வசனம் மறந்து நின்றார், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. லீலாவதியம்மா ரிசீவரை வைத்தாள், அவன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள், மெலிந்து போய்விட்டாயே என்று எல்லா அம்மாக்களும் சொல்கிற பொய்யைச் சொன்னாள், அப்புறம் கோபம் வந்து அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"வழி தெரியலையாடா? இவ்வளவு நாள் எங்கடா இருந்த?"

"வழி முதல் நாளே தெரியும்மா. இதோ இந்தப் பின்பக்கம் பாத்திரம் கழுவற இடத்துல நின்னா உன் குரல் நல்லாக் கேக்கும். வாராவாரம் நின்னு கேட்டுட்டுதான் போவேன்."

"அப்ப ஏன்டா வரல?"

"ஒரு அக்கா சாப்பிட்டுட்டு இருந்தாங்கம்மா. தனியா. கூட யாரும் கிடையாது. நான் வீடு எங்கேன்னு கேப்பேன், இருந்துட்டுப் போன்னு சொல்ல அவங்களுக்கு அது ஒரு சாக்கு. ரொம்ப மெதுவா சாப்பிடுவாங்க. பக்கத்து இலைக்காரங்க முடிக்கறதுக்கு முன்னாடி எழுந்திருக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த?"

சுபத்ரா தூணைப் பிடித்துக்கொண்டாள். பத்து வாரம் தான் அவனைப் பிடித்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்; அவன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் அவளைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்று இருந்தது போக, இப்போது நானூறு பேர் கேட்கும்படி ஒருத்தன் சொல்லிவிட்டான், அதுவும் எதைச் சொன்னான் பாருங்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"அது சரிதான்," என்றாள் லீலாவதியம்மா மேடையில், கொஞ்சம் யோசித்து. "அவங்க முடிச்சாச்சா?"

தாமோதரன் தூண் பக்கம் திரும்பினான். அந்த வீட்டில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள், அப்பா, தங்கை, மாடிக் குடித்தனக்காரர், எல்லாரும். மேடையில் தட்டுகளை எடுத்து வைத்தாகிவிட்டது.

"அக்கா, ஆச்சா?" என்று கேட்டான்.

ஆகவில்லை. எங்கே ஆயிற்று? ஒன்றுமே ஆகவில்லை. இன்னும் நூறு சனிக்கிழமை உட்கார்ந்தாலும் அவளுக்கு ஆகாது, வயிறு அப்படியேதான் இருக்கும். இன்னும் இல்ல தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மறுபேச்சு இல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்காருவான், அவனை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

"ஆச்சுப்பா," என்றாள் சுபத்ரா. "நீ உக்காரு."

அவன் உட்கார்ந்தான். லீலாவதியம்மாவும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நாடகத்தில் அம்மா உட்காரும் இடம் என்று ஒன்று எழுதப்படவே இல்லை, அவள் போனுக்கும் அடுப்படிக்கும் ஓடுகிறவள்தான். மாசிலாமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கஜபதியைப் பார்த்தான், கஜபதி ஒன்றும் சொல்கிற நிலையில் இல்லை, சுபத்ராவைப் பார்த்தான்.

"என்னம்மா பண்றது? இறக்கட்டுமா?"

"இறக்குப்பா. அவங்க சாப்பிடட்டும்."

திரை இறங்கியது. அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரியும், தட்டில் என்ன விழுகிறது, யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள் எல்லாம் தெரியும். சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. சுபத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மரக்கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள், தேங்கின தண்ணீரில் கால் வைத்தே நடந்து வெளியே போனாள்.